வீடு மாறுற நேரத்தில சேர்ட்ரலினைக் குறைக்கலாமா?

கேள்வி: வாவிக்கரை

தங்கச்சிக்கு 33 வயசு. மனச்சோர்வு வந்தது முதல் தடவை. ஒரு வருசத்துக்கு மேல சேர்ட்ரலின் எண்ட மனச்சோர்வுக் குளிசை 100 மி.கி. குடிக்கிறா. எட்டு மாசமா நல்ல சுகம். நித்திரை, சாப்பாடு, பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போறது எல்லாம் பழையபடி. கார்த்திகையில மச்சான் கட்டாருக்குப் போறார். அதே மாசம் இவ அக்கரைப்பற்று வாடகை வீட்டை விட்டு மட்டக்களப்புக்கு, அம்மாட்ட வாறா. கிளினிக்கும் மாறும். அதுக்கு முதல் குளிசையை விட்டுட்டா ஒரு பாரம் குறையும் எண்டு சொல்றா. சரியா?

பதில்: பாமசி மேசை

குறைக்கிற தகுதி அவவுக்கு இருக்கு. முதல் தடவை எண்டா, சுகமான பிறகு குறைஞ்சது ஆறு மாசம் முழு அளவில குடிக்க வேணும், அது கடந்திட்டுது. நேரம்தான் பிழை. மருந்தைக் குறைக்கேக்க தலைசுத்து, எரிச்சல், குமட்டல், பயங்கரக் கனவு, தலைக்குள்ள கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு சுண்டல் வரலாம். புருசன் போன கிழமையில நித்திரை கெட்டா அது பிரிவாலயா, குறைச்சதாலயா, நோய் திரும்புதா எண்டு வைத்தியருக்கும் பிரிச்சறியக் கஷ்டம்.

கார்த்திகை, மார்கழி மழையில றோட்டு மூடி கிளினிக் தவறினா குளிசை முடிஞ்சிடும். சேர்ட்ரலின் ஒரு நாளில ஏறக்குறையப் பாதி உடம்பை விட்டுப் போற மருந்து. நாலைஞ்சு நாள் இல்லாட்டி திடீரெண்டு நிப்பாட்டின மாதிரித்தான். மழைக்கு முதலே கூடுதல் நாளுக்குக் கேட்டு எடுங்க. ஒரு நேரம் மறந்தா, அடுத்த நாள் ரெண்டாகக் குடிக்கக் கூடாது.

பதில்: படுவான்கரை

எப்படிக் குறைக்கிறது எண்டதையும் சொல்லவேணும். கூடப் பேர் பிழைவிடுறது கடைசிப் படியில. 50 மி.கி. அளவிலயே, செரட்டோனின் எண்ட மூளை இரசாயனத்தைத் திரும்ப உள்ளெடுக்கிற புரதத்தில ஏறக்குறைய 80 வீதம் மறிபட்டிருக்கும். அதனால 100 இலிருந்து 50க்கு இறங்கிறது மூளைக்குச் சின்ன மாற்றம். 50 இலிருந்து வெறுமைக்குப் போறதுதான் பெரிய விழுகை. கீழ போகப் போகப் படி சின்னதாக வேணும்.

வைத்தியர் சம்மதிச்சா 75, 50, 37.5, 25, 12.5 எண்டு ஒவ்வொண்டிலயும் நாலு கிழமை. 50 மி.கி. குளிசையில பாதி 25, கால் 12.5. கால் துண்டு சமனாக வராது. குளிசை வெட்டுற பெட்டியால வெட்டி, ஒரு குளிசையின்ட துண்டெல்லாம் முடிஞ்ச பிறகு அடுத்ததை வெட்டுங்க, கூடக்குறைய ஈடாகிடும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிக்கிற முறை இந்த மருந்துக்குச் சரிவராது, அளவு நாளுக்கு நாள் ஏறி இறங்கும். உடம்பை விட்டு மெதுவாக வெளியேறுற பிளுவொக்செட்டின் எண்ட மற்ற மனச்சோர்வு மருந்தோட இதை ஒப்பிட வேணாம்.

(நோன்பு மாசத்திலயும் குறைக்கத் தேவையில்ல. ஒரு நேர மருந்து. சஹருக்கோ நோன்பு திறந்த பிறகோ குடிக்கலாம்.)

வாவிக்கரை: மச்சான் வர ரெண்டு வருசம் ஆகும். அதுவரைக்கும் குடிக்கிறதா?

பதில்: பாமசி மேசை

இல்ல. திகதி தெரிஞ்ச மாற்றம் வேற, தொடர்ந்து இருக்கிற நிலைமை வேற. வீடு மாறுறது, பிரசவம், சோதனை எல்லாம் முடியுற காரியம். அது கடந்து ரெண்டு மூண்டு மாசம் பொறுக்கலாம். புருசன் வெளிநாட்டில இருக்கிறது இனி அவவின்ட வழமையான வாழ்க்கை. தை மாசம் முழுக்க நித்திரையும் பசியும் ஒழுங்காக இருந்தா, புதுக் கிளினிக்கில கதைச்சு மாசிக் கடைசியில தொடங்கலாம். 20 கிழமை, ஆடி நடுவில முடியும்.

குறைச்ச சில நாளுக்குள்ள தலைசுத்தும் சுண்டலும் வந்து, முந்தின அளவுக்குப் போனதும் ரெண்டு மூண்டு நாளில அடங்கினா அது மருந்து குறைஞ்ச தாக்கம். அந்தப் படியில கூட நாள் நில்லுங்க. கிழமைகள் கழிச்சு மெல்ல மெல்ல உற்சாகம் போய், விடியக்காலம் முழிப்பு வந்து, ஒருத்தரோடயும் கதைக்க விருப்பமில்லாம இருந்தா நோய் திரும்புதெண்டு பாருங்க. சாகிற எண்ணம் வந்தா கிளினிக் திகதியைப் பாத்திருக்க வேணாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. 1926 எண்ட மனநல உதவி இலக்கத்துக்கும் எந்நேரமும் எடுக்கலாம்.

பதில்: படுவான்கரை

அக்கரைப்பற்றை விட முதல், பழைய கிளினிக்கில ஒரு கடிதம் வாங்குங்க: நோயின் பேர், தொடங்கின திகதி, இப்ப குடிக்கிற அளவு, சுகமான மாசம். கொப்பியை மட்டும் கொண்டு வந்தா புது வைத்தியர் முதலில இருந்து கேக்க வேண்டி வரும். வீட்டில அம்மாவுக்கும் இந்த அட்டவணை தெரியட்டும்; "சுகம்தானே, இனி என்னத்துக்கு" எண்டு இடையில நிப்பாட்டுறது கூட வீட்டு ஆக்கள்தான்.