பதின்மூன்றாவது புதையல்

நான்: குடும்பக் குழுவில் இருக்கும் அண்ணனுக்கும் அக்காவுக்கும் ஒரு கேள்வி. சிறுவயதில் நாம் பார்த்த கார்ட்டூன். தார் போன்ற கருப்பு நீர், விரல் விரலாக நீண்டு கப்பல் பலகையின்மேல் ஏறும். சிறகு முளைத்த குரங்கு ஒன்று பழம் கேட்டு அரற்றிக்கொண்டே இருக்கும். என்ன தொடர்?

அக்கா: நிட்லர்! குரங்கின் பெயர் நினைவிருக்கிறது, தொடரின் பெயர்தான் இல்லை. எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன்! ஒருவரும் பார்த்ததில்லை என்றார்கள். நானே கனவு கண்டுவிட்டேனோ என்று கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அண்ணன்: எனக்கு எதுவும் நினைவில்லை.

அம்மா: எனக்கு இருக்கிறது. அந்தக் குரங்கு மாதிரியே சின்னவன் ஒரு மாதம் வீட்டில் கத்தினான்.

நான்: நேற்று இரவு கண்டுபிடித்துவிட்டேன். தி பைரட்ஸ் ஆஃப் டார்க் வாட்டர். டாம் அண்ட் ஜெர்ரியை உருவாக்கிய இருவர் தொடங்கிய ஹன்னா பார்பெரா நிறுவனம் தயாரித்தது. 1991-இல் ஐந்து பகுதிக் குறுந்தொடராக வந்து, பிறகு நீண்டிருக்கிறது. விடிய விடியப் பார்த்தேன், கண் எரிகிறது.

அண்ணன் மகள்: கதை என்ன சித்தப்பா?

நான்: மெர் என்று ஓர் உலகம், எங்கு பார்த்தாலும் கடல். அந்தக் கடலில் கருநீர் பரவி, உயிருள்ளது போல எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு வருகிறது. அதை அடக்க வேண்டுமானால் 13 புதையல்களைத் தேடிச் சேர்க்க வேண்டும். தேடிப் போகிறவன் ரென். இளவரசன்தான், ஆனால் அது தெரியாமலே ஒரு கலங்கரை விளக்கத்தில் வளர்ந்தவன். அவன் கையில் இருப்பது உடைந்த வாள்.

அக்கா: துலாவை விட்டுவிட்டாயே! இயற்கையே அவள் சொல் கேட்கும். மற்றவர்கள் வாளை உருவுவதற்குள் அவள் வேலையை முடித்திருப்பாள்.

நான்: அவளுக்குக் குரல் கொடுத்தவர் ஜோடி பென்சன். 1989-இல் வந்த லிட்டில் மெர்மெய்டு படத்தில் ஏரியலுக்குக் குரல் கொடுத்த அதே பெண்மணி.

அக்கா: அதுதான் அந்தப் படம் பார்த்தபோது பழகிய குரலாக இருந்தது!

அண்ணன் மகள்: வில்லன் யார்?

அக்கா: பிளாத். யானை போன்ற உடம்பு. ஒரு ராட்சதக் கடல் விலங்கின் எலும்புகளால் கட்டிய கப்பல். அதன் அடித்தளத்தில் கான்ஸ்ட்ரிக்டஸ் என்று ஒரு பிராணி கிடக்கும், பிடிக்காதவர்களை அதற்குத் தள்ளிவிடுவான். அது நம் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது என்று உன் அப்பா சொல்லி, இரண்டு வாரம் நான் காலை மடக்கிக்கொண்டே தூங்கினேன்.

அண்ணன்: ரெனோடு கப்பலில் வரும் கடற்கொள்ளையன் அயோஸ் திட்டுவது மட்டும் நினைவுக்கு வருகிறது. ‘நாய் ஜிடாட்!’

அம்மா: அதற்குத்தானே உன்னை அடித்தேன். தங்கையை நாய் என்று திட்டுகிறாய் என்று நினைத்தேன்.

அண்ணன்: அது மெர் உலகத்துச் சொல் அம்மா. அன்றே சொன்னேன், நீ நம்பவில்லை.

அண்ணி: இப்போது பார்த்தாலும் நன்றாக இருக்கிறதா? சிறுவயதில் பிடித்ததைத் திரும்பப் பார்த்தால் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

நான்: பாதிக்குப் பாதி அண்ணி. பின்னணி ஓவியங்கள் அபாரம். ஒவ்வொரு தீவும் வேறு உலகம். ஆனால் சில பகுதிகளில் வரைதல் தடுமாறுகிறது, ரெனின் முகம்கூட மாறிவிடுகிறது. நிட்லரின் கத்தல் இப்போது எனக்கே தலைவலி. மன்னித்துவிடு அம்மா.

நான்: இருக்கட்டும், இனிமேல்தான் விஷயம். மொத்தம் 21 பகுதிகள். 1993-இல் நின்றுபோயிருக்கிறது. 13 புதையல்களில் கிடைத்தவை 8. முடிவு என்று ஒன்று எடுக்கவே இல்லை.

அண்ணன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

அக்கா: அதற்குள் படித்துவிட்டேன். ‘எனக்கு வேலை இருக்கிறது, நாளை பேசலாம்’ என்று போட்டிருந்தான்.

நான்: அண்ணா, எனக்குக் காய்ச்சல் வந்து படுத்திருந்தபோது, கடைசிப் பகுதி போட்டார்கள், நீ தூங்கிவிட்டாய் என்றாய். பதின்மூன்றாவது புதையல் ரென் வளர்ந்த கலங்கரை விளக்கத்திலேயே, விளக்குக்குக் கீழே இருந்தது, அதை ஏற்றியதும் கருநீர் வற்றியது என்றாய். இத்தனை வருடம் அதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்!

அக்கா: விளக்கா? என்னிடம் துலா அரசியாகி, கருநீரைக் கையாலேயே கட்டினாள் என்றானே!

அம்மா: என்னிடம் குரங்கு செத்துவிட்டது என்றான். இனி வீட்டில் கத்தல் இருக்காது என்று நிம்மதியாக இருந்தேன்.

அண்ணன்: சரி, ஒப்புக்கொள்கிறேன். புதிய பகுதி வரும் என்று நானும்தான் காத்திருந்தேன். திடீரென்று முதலிலிருந்து போட ஆரம்பித்துவிட்டார்கள். இவன் காய்ச்சலில் ‘என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று’ என்று அனத்திக்கொண்டே இருந்தான். நெற்றியில் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு நான் என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன்.

அக்கா: எனக்குக் காய்ச்சல் இல்லையே?

அண்ணன்: உனக்குத் துலாவைப் பிடிக்கும்.

அண்ணன் மகள்: அப்பா, 9, 10, 11, 12?

அண்ணி: ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு அப்பாவும் மகளும் குழுவில் பேசுகிறார்கள். இவள் இன்னும் பல்கூடத் தேய்க்கவில்லை.

அண்ணன்: ஒன்பதாவது பிளாத்தின் கப்பலிலேயே இருந்தது. அந்த எலும்புக்கூட்டின் தாடைக்குள். பாவம், அவனுக்கே தெரியாது.

நான்: இதுவும் பொய்.

அண்ணன்: அந்தப் பகுதியன்றும் நீ தூங்கிவிட்டாய்.