மெட்டல் பாலட்: டிஸ்டார்ஷன் இறங்கற இடம் ஏன் அமுங்குது?

நொய்யல்_ரிஃப்: கோயமுத்தூர்ப் பக்கம் வர்ற மெட்டல் பாலட்டுல, அதாவது மெதுவா ஆரம்பிச்சுக் கனமாகற பாட்டுல, பாதிக்கு ஒரே கோளாறு. கரகரப்பில்லாத கிளீன் கிட்டார்ல அழகா ஆரம்பிக்குது. டிஸ்டார்ஷன், அதான் கிட்டாரோட கரகரப்புச் சத்தம், உள்ள இறங்கினதும் பாட்டு சுருங்கிப் போகுது. காரணம் கெயினுங்க, அந்தக் கரகரப்போட அளவு. ரிதம் கிட்டாரை ரெண்டு தடவை தனித்தனியா வாசிச்சு, இடது ஓரம் ஒண்ணு, வலது ஓரம் ஒண்ணு வெக்கோணும். தனியாக் கேட்டா போதாதுன்னு தோணற அளவுக்குக் கெயினைக் குறைங்க, ரெண்டும் சேர்ந்தா சரியாயிடும். ஒரு தடவை வாசிச்ச ஒரே டேக்கைக் காப்பி பண்ணி ரெண்டு பக்கமும் போட்டா அகலம் வராது, நடுவுல சத்தம்தான் கூடும்.

ஈரோடு_பேஸ்: கெயின் மேல பழி போடாதீங்ணா. தப்பு முன்னாடியே நடந்துடுது. கிளீன் பகுதியிலயே பேஸ் கிட்டார், கிக் டிரம், கீபோர்டு எல்லாம் வந்துட்டா அப்பறம் இறங்கறதுக்கு என்ன பாக்கி? கிட்டாரோட தாழ்ந்த கம்பி, ஈ சுரம், 82 ஹெர்ட்ஸ், பேஸோடது 41. அந்த 41 முதல் சரணம் முடியற வரைக்கும் காதுல விழவே கூடாது. மெட்டாலிகா பேண்டோட 1991 பாலட் 'நத்திங் எல்ஸ் மேட்டர்ஸ்' எப்படி ஆரம்பிக்குது? 6/8 தாளத்துல ஒத்தைக் கிட்டார். ஈ, ஜி, பி, மேல் ஈன்னு வெறுங்கம்பி. இடது கைக்கு வேலையே இல்லை.

நொய்யல்_ரிஃப்: பேஸை நிறுத்தி வெக்கறது சரி, ஒத்துக்கறேன். ஆனா டிஸ்டார்ஷனே ஒரு கம்ப்ரஸர்ங்க, பெரிய சத்தத்தையும் சின்னதையும் ஒரே மட்டமாக்கிடும். கெயின் ஏறுனா பிக் கம்பியில படற அந்த 'டக்' செத்துப்போகும். வெறும் இரைச்சல் மட்டும் நிக்கும். முன்னாடி எவ்வளவு காலி பண்ணி வெச்சாலும் அங்க அடி விழாது.

ஈரோடு_பேஸ்: அந்த 'டக்'கைக் கடைசியில, முழுப் பாட்டோட உச்சச் சத்தத்தை வெட்டற மாஸ்டர் லிமிட்டர் தின்னுடுதே, அதையும் சொல்லுங்க. சத்தமா வேணும்னு அமுக்கறாங்க. கிளீன் மேல ஏறி, கனம் கீழ இறங்கி, ரெண்டும் ஒரே மட்டம்.

உடுக்கைச்சத்தம்: பாடறவங்களை ரெண்டு பேருமே விட்டுட்டீங்க. உச்சத்துல ரெண்டு பார், அதாவது ரெண்டு தாளச் சுத்து, இழுக்கற இடத்துல 'நெஞ்சு', 'காத்து'ன்னு குறுகி ஒலிக்கற குற்றியலுகரத்துல முடிஞ்சா எதை இழுக்கறது? 'நெஞ்சூ'ன்னு கெட்டுப்போகும். வரியைத் திருப்பிப் போட்டு 'வா', 'நீ', 'கண்ணே'ன்னு நெடில் அங்க விழற மாதிரி எழுதுங்க. கிளீன் பகுதியில டிரம்ஸோட ஹை-ஹாட் தட்டுக்குப் பதிலா உடுக்கை வெச்சாலும் நல்லா நிக்கும். நம்ம கொங்குக் கதைப்பாட்டு அண்ணன்மார் கதையே அதுலதானே பாடறாங்க.

நொய்யல்_ரிஃப்: நெடில் விஷயம் நூத்துக்கு நூறு. உடுக்கைதான் இடிக்குது. உடுக்கையோட இடுப்புக் கயித்தை அமுக்க அமுக்கச் சுருதி ஏறி இறங்கும், மெதுவாப் பாடற குரலோட மோதும்.

உடுக்கைச்சத்தம்: அமுக்காம, பிடியை ஒரே இறுக்கத்துல வெச்சு, குரல் விடற இடைவெளியில மட்டும் அடிக்கோணுமுங்க. அமுக்கறதை டிஸ்டார்ஷனுக்கு முந்தின ஒரு பாருக்கு மிச்சம் வைங்க.