மே மாதத்தில் நாயோடு காரில் தனுஷ்கோடி வரை போகலாமா?

வைகைக்கரையான்:
வணக்கம். மதுரையில் இருக்கிறோம். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்று என் மாமியாருக்கு ஒரு வேண்டுதல். பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு, அதுவும் அக்னி நட்சத்திரம். எங்கள் நாய் மணிக்கு ஏழு வயது, சிப்பிப்பாறைக் கலப்பு. போன வருடம் இரண்டு நாள் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வாசலைப் பார்த்தபடி சாப்பிடாமலே கிடந்திருக்கிறான். இந்த முறை விட்டுப் போக மனசு வரவில்லை. ஸ்விஃப்ட் கார், நாங்கள் ஐந்து பேர். கோயிலுக்குள் போகும்போது ஏசியைப் போட்டு அவனைக் காரிலேயே விடலாமா? தனுஷ்கோடி மணலில் இறக்கலாமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடி வாசி:
காரில் மட்டும் விடாதீர்கள் சகோ. வெளியே 35 டிகிரி என்றால், பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் 45ஐத் தாண்டும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. நின்ற வண்டியில் ஏசி எப்போது அணையும் என்று யாருக்குத் தெரியும்?

மண்டபத்துக்காரி:
தம்பி, மணியைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். ஆனால் எப்போது கிளம்புவது, எங்கே நிற்பது என்பதையெல்லாம் அவனை வைத்து முடிவு செய்யுங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எங்கள் கடற்கரையில் காற்றே ஈரம், அதனால் அந்த இரைப்பும் சரியாகக் கைகொடுக்காது. மதுரை வெயிலைத் தாங்குகிறவன் இந்தப் புழுக்கத்தில் தளர்ந்துவிடுவான்.

இரவு இரண்டு மணிக்குக் கிளம்புங்கள். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர்தான். முந்தின நாள் இரவு எட்டு மணிக்குச் சோறு வைத்தால் போதும், வழியில் தண்ணீர் மட்டும். தண்ணீரை வீட்டிலிருந்தே கேனில் கொண்டு வாருங்கள், இங்கே பல இடத்தில் உப்பு. உச்சிப்புளி பக்கம் ஒரு தடவை இறக்கிவிடுங்கள். ரோட்டோரம் சீமைக்கருவேல முள் கொட்டிக் கிடக்கும். ஏறியதும் நான்கு பாதத்தையும் தடவிப் பாருங்கள். பாம்பன் பாலத்தில் ரயில் பாலத்தைப் பார்க்க நிறுத்துவீர்கள், எல்லோரும் நிறுத்துகிறார்கள். காற்று ஆளையே தள்ளும், பக்கத்தில் பஸ் உரசிக்கொண்டு போகும். கதவைத் திறக்கும் முன்பே கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்.

விடிந்ததும் நேரே தனுஷ்கோடி. கோயில் அப்புறம். 1964 புயலில் அழிந்த ஊர் அது, இடிந்த சர்ச் சுவரை விட்டால் ஒதுங்க நிழல் கிடையாது. எட்டரைக்குள் திரும்பிவிடுங்கள். மணலில் புறங்கையை வைத்துப் பத்து எண்ணுங்கள், உங்களால் முடியாவிட்டால் அவனாலும் முடியாது. ரோடு முடிகிற அரிச்சல்முனையில் கடல் இழுப்பு அதிகம், அங்கே வேண்டவே வேண்டாம். வடக்குப் பக்கம் அலை அடங்கியிருக்கும், அதைப் பெண் கடல் என்போம். அந்தக் கரையோரம் கயிற்றோடு கால் நனைக்கட்டும். கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், வாந்தியும் பேதியும் ஆகும்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். கரைவலை இழுத்த இடத்தில் வேண்டாத மீனைக் கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் பேத்தை கிடக்கும், வயிறு பந்து மாதிரி உப்பியிருக்கும். எங்கள் கறுப்பன் ஒரு நாள் காய்ந்த பேத்தை ஒன்றைக் கவ்விவிட்டான். நான் வலை உதறிக்கொண்டிருந்தேன். ஓடிப் போய்ப் பிடுங்குவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது. முதலில் வாந்தி எடுத்தான். அப்புறம் பின்னங்கால் துவண்டது. ஆட்டோவில் என் மடியில் கிடந்தான், கண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ராமநாதபுரம் போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. காய்ந்தாலும் அந்த விஷம் போகாது தம்பி, அதற்கு மாற்று மருந்தும் இல்லை. கரையில் இறங்கினால் கயிறு குட்டையாக இருக்கட்டும், ஒருவர் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கட்டும்.

வைகைக்கரையான்:
அக்கா, கறுப்பனைப் பற்றிப் படித்துவிட்டு மணியைக் கொஞ்ச நேரம் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன். ஏசி யோசனையை விட்டுவிட்டோம். வெயில் தாக்கிவிட்டால் எப்படித் தெரிந்துகொள்வது?

கால்நடை மாணவன்:
நாயின் உடம்புச் சூடு சாதாரணமாக 38லிருந்து 39 டிகிரி வரை இருக்கும். 41ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. இரைப்பு நிற்காது, எச்சில் கெட்டியாக வழியும், ஈறு செக்கச்சிவந்து போகும், நடை தள்ளாடும். உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம், முக்கியமாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரத்துணியைப் போர்த்திவிட்டு அப்படியே விட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். மயங்கிக் கிடந்தால் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தெளிந்த மாதிரி இருந்தாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள், மீன் காயும் இடங்களில் தெருநாய்கள் கூட்டமாக இருக்கும்.

மண்டபத்துக்காரி:
விடுதிக்கு இப்போதே போன் போட்டு நாய் வரும் என்று சொல்லிவிடுங்கள். பல இடத்தில் விட மாட்டார்கள். தீர்த்தமாடக் கூட்ட நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், இரண்டாகப் பிரிந்து போங்கள்.

வைகைக்கரையான்:
ஒரு விடுதியில் தரைத்தள அறை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தையின் படத்தைப் பிள்ளைகளிடம் காட்டிவிட்டேன். வாயைப் பார்க்கும் வேலை பெரியவளுக்கு. மாமியார்தான் முதலில் தீர்த்தமாடிவிட்டு வந்து மணியோடு இருப்பதாகச் சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் அவனை அவர் தொட்டதே இல்லை.