ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனுவுக்கு வந்த பதில்களில் மறக்க முடியாதது எது?

மனுக்காரன்:
"தாங்கள் கோருவது பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் அல்ல." இந்த ஒற்றை வரிதான். மனுவில் இருந்த கேள்வி: 'சாலை ஆறே மாதத்தில் ஏன் பெயர்ந்தது?' ஏன் என்பதற்கு எந்தக் கோப்பிலும் பதில் இருக்காது, இருப்பதைத்தான் கேட்க முடியும். நிர்வாக அனுமதி ஆணை, மதிப்பீடு, எம்-புக் (வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகம்) பக்கங்கள், பில் நகல் கேட்டிருக்க வேண்டும். நீளம், அகலம், கனம் எல்லாம் எம்-புக்கில் இருக்கும். அதையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு சாலைக்குப் போனால் 'ஏன்' தானாகவே தெரிந்துவிடும்.

பத்துரூபாய்:
மாநில அலுவலகத்துக்கான மனுவை மத்திய அரசின் ஆன்லைன் தளத்தில் போட்டால் மனு திரும்பும், 10 ரூபாய் திரும்பாது. சட்டத்தின் பிரிவு 6(3)-இன்படி 5 நாளில் உரிய இடத்துக்கு மாற்ற வேண்டாமா என்று சண்டை போட்டுப் பயனில்லை, தளத்தின் வழிகாட்டுதலிலேயே எழுதியிருக்கிறது. தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் வெள்ளைத்தாளில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டித் தபாலில் அனுப்பலாம்.

வடக்குத்தெரு:
மனுக்காரன் சொல்வது பாதிதான். நகல் கேட்டால் 'ஆவணங்கள் ஏராளம்' என்று 7(9)-ஐக் காட்டுவார்கள். அந்தப் பிரிவு தகவலைத் தரும் வடிவத்தை மாற்றத்தான், மறுக்க அல்ல. முதலில் கோப்பைப் பார்வையிடக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. பக்க எண்களைக் குறித்துக்கொண்டு அவற்றுக்கு மட்டும் நகல் கேட்டால் செலவும் குறையும்.

கெடுநாள்:
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். 30 நாளில் பதில் இல்லை என்றால் அதுவே மறுப்பு. அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, மனுவுக்குப் பதில் தர வேண்டிய பொதுத் தகவல் அலுவலருக்கு மேலே இருப்பவரிடம். அவருக்கு 30 நாள், காரணம் எழுதினால் 45. பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. பலர் முதல் மேல்முறையீட்டைத் தாண்டி, நேராக ஆணையத்துக்குப் பிரிவு 18-இல் புகார் போடுகிறார்கள். அதில் அலுவலருக்கு நாளுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை தண்டம் விதிக்கலாம், ஆனால் தகவலைக் கொடு என்று உத்தரவிட முடியாது. மணிப்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. தகவல் வேண்டுமென்றால் மேல்முறையீட்டுக்கான பிரிவு 19-தான் வழி.

பத்துரூபாய்:
இன்னொன்று விட்டுப்போச்சு. 30 நாள் கழித்து 'பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டுக' என்று கடிதம் வந்தால் கட்டாதீர்கள். 7(6)-இன்படி அப்போது நகல் இலவசம்.