குற்றப் புனைவில் படுக்கையறைக் காட்சி: எது தடயம், எது இட்டு நிரப்பல்?

இழையைத் தொடங்கியவர்

குற்ற நாவல்களில் நீங்கள் எதிர்கொண்ட வெளிப்படையான காட்சிகளைப் பற்றி எழுதுங்கள். ஆபாசமா இல்லையா என்ற சண்டை வேண்டாம். அந்தக் காட்சியால் கதைக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் பேசுவோம். சில நாவல்களின் முடிச்சுகள் அவிழும், படிக்காதவர்கள் கவனம்.

எஸ். எஸ். வான் டைன் 1928-இல் துப்பறியும் கதைக்கு இருபது விதிகள் எழுதினார். மூன்றாவது விதியே காதல் விவகாரம் கூடாது என்பதுதான். 1930-இல் டாஷியல் ஹாமெட்டின் 'தி மால்டீஸ் ஃபால்கன்' புத்தகமாக வந்தபோது துப்பறிபவனே வழக்கில் சிக்கிய பெண்ணோடு படுக்கிறான். ஆனால் அந்த இரவு பக்கத்தில் இல்லை. ஒன்பதாம் அத்தியாயம் நெருக்கத்தில் நிற்கிறது, பத்தாம் அத்தியாயம் விடியலில் தொடங்குகிறது. ஸ்பேட் எழுகிறான். தூங்கிக்கொண்டிருக்கும் பிரிஜிட்டின் சாவியை எடுத்துப் போய் அவள் வீட்டைச் சல்லடை போட்டுத் தேடுகிறான். யாரோ ஜன்னல் வழியாக நுழைந்தது போலத் தடம் செய்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு முட்டையும் வெண்ணெயும் வாங்கிக்கொண்டு திரும்புகிறான். அவனைப் பற்றித் தெரிய வேண்டியது அத்தனையும் அந்தச் சாவியில் இருக்கிறது. இரவை விவரித்திருந்தால் சாவி மங்கிப்போயிருக்கும்.

அதே நாவலில் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. உறையில் இருந்த ஆயிரம் டாலர் நோட்டுகள் பத்தில் ஒன்று குறைகிறது. ஸ்பேட் பிரிஜிட்டைக் குளியலறைக்குக் கூட்டிப்போய் ஆடைகளைக் களையச் சொல்லிச் சோதிக்கிறான். நோட்டை ஒளித்தது உறையைக் கொடுத்த கட்மன்தான் என்று பிறகு தெரிகிறது. 1941 படத்தில் இந்தச் சோதனை கிடையாது. ஸ்பேட் நேராக கட்மனைக் கைகாட்டுகிறான், கதையும் தடங்கலின்றி ஓடுகிறது. அப்படியானால் அது தேவையில்லாத காட்சியா? என் கணக்கில் தேவையான காட்சி. கூடப் படுத்தவளையும் கைதியைப் போலச் சோதிப்பவன் அவன் என்று இங்கே தெரிந்துவிடுவதால்தான், கடைசியில் அவளைப் போலீஸில் ஒப்படைக்கும்போது நமக்குத் திகைப்பு வருவதில்லை.

புனைவு வாசகி

கதவை மூடிவிட்டால் போதும் என்பது எல்லா நாவலுக்கும் பொருந்தாது. இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

முதலாவது, ஜேம்ஸ் எம். கெய்னின் 'தி போஸ்ட்மேன் ஆல்வேஸ் ரிங்ஸ் ட்வைஸ்' (1934). மிகச் சிறிய நாவல், பாஸ்டனில் ஆபாச வழக்குக்கும் ஆளானது. ஃபிராங்கும் கோராவும் கோராவின் கணவனைக் காரில் வைத்துக் கொன்றுவிட்டு அதை விபத்தாகக் காட்ட வேண்டும். அவளும் அடிபட்டவள் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக அவன் அவள் ரவிக்கையைக் கிழிக்கிறான், முகத்தில் குத்துகிறான். தடயத்தை ஜோடிக்கும் அந்த வேலையே அங்கேயே உடலுறவாக மாறுகிறது. சில வரிகள்தான். பிணம் பக்கத்தில் கிடக்கிறது, சாட்சிகள் வந்துவிடுவார்கள், நேரமில்லை. குற்றமும் காமமும் ஒரே செயலாக ஆகிவிட்ட இடம் அது. அங்கே அத்தியாயத்தை வெட்டினால் இருவரும் பணத்துக்காகக் கொன்ற சாதாரண ஆட்களாகிவிடுவார்கள்.

இரண்டாவது, சூசன்னா மூரின் 'இன் தி கட்' (1995). இது பச்சையான நாவல், எல்லோருக்கும் ஒத்துவராது. நியூயார்க்கில் ஓர் ஆசிரியை மதுக்கடையின் அடித்தளத்தில் தற்செயலாக ஒரு பாலுறவுச் செயலைப் பார்த்துவிடுகிறாள். ஆணின் முகம் தெரியவில்லை. மணிக்கட்டில் பச்சை குத்தியிருப்பது தெரிகிறது. கூட இருந்த செம்பட்டைத் தலைப் பெண் பிறகு கொலையாகிறாள். விசாரிக்க வரும் போலீஸ்காரர் மணிக்கட்டிலும் அதே பச்சை. அவரோடுதான் கதைசொல்லிக்கு உறவு. அதனால் அதன்பின் வரும் ஒவ்வொரு படுக்கையறைக் காட்சியையும் 'இவன்தானா அவன்?' என்று தேடிக்கொண்டேதான் படிக்கிறோம். கை எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்ற விவரமெல்லாம் ஆதாரமாகிவிடுகிறது. இங்கே விவரணையைக் குறைத்தால் விசாரணையே குறையும்.

தடயவியல் பக்கமிருந்து

தொடங்கியவர் கேட்டதற்கு எங்கள் துறையில் நேரடியான பதில் உண்டு. ஸ்காட் டுரோவின் 'ப்ரிசூம்ட் இன்னசென்ட்' (1987) நாவலில் கொலையுண்ட பெண்ணின் உடலிலிருந்து எடுத்த மாதிரியில் விந்தணுக்கொல்லி மருந்து இருக்கிறது. அவளோ ஏற்கெனவே கருத்தடை அறுவை செய்துகொண்டவள். அவளுக்கு எதற்கு அந்த மருந்து? அரசுத் தரப்பின் வழக்கு அந்தக் கேள்வியில் தள்ளாடத் தொடங்குகிறது. பாலுறவு பற்றிய விவரம் ஒரு முடிச்சையே தாங்கி நிற்க வேண்டுமானால் இந்த அளவு துல்லியம் வேண்டும். (கொலையாளி யாரென்று சொல்லமாட்டேன்.)

எழுத நினைப்பவர்கள் கவனிக்க, வழக்கமாகப் பிழையாகும் இடங்கள்:

மரபணுச் சோதனை குற்றவழக்கில் முதலில் பயன்பட்டது 1986-இல், இங்கிலாந்தில். கதை அதற்கு முன் நடந்தால் இரத்த வகையோடு நின்றுவிடுங்கள். அது ஒருவரை விலக்கும், ஆனால் இவர்தான் என்று அடையாளம் காட்டாது.

இந்தியச் சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல்படி, பாலியல் தாக்குதலில் உடல் மாதிரிகளை 96 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்கிறார்கள். பத்து நாள் கழித்து உடலிலிருந்து மாதிரி எடுத்து ஆளைப் பிடிப்பதாக எழுதினால் நம்பமுடியாது. துணியில் உலர்ந்த கறை வேறு விஷயம், அது நெடுநாள் தாங்கும். ஆனால் ஈரத்துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு மூடினால் பூஞ்சை பிடித்துத் தடயம் கெடும். நிழலில் உலர்த்திக் காகித உறையில் போட வேண்டும். கதைகளில் இன்ஸ்பெக்டர்கள் தூக்கிப் பிடிக்கும் அந்தப் பளபள பிளாஸ்டிக் பை பெரும்பாலும் தவறு.

கடித்த தடத்தைப் பல்லோடு பொருத்தி ஆளைக் கண்டுபிடிப்பது அறிவியல்ரீதியாக மிகவும் பலவீனமானது. அந்தத் தடத்தில் ஒற்றியெடுத்த உமிழ்நீரில் மரபணு கிடைத்தால் அது வலுவான சான்று.

கடைசியாக, கோபத்தோடு சொல்கிறேன். 'டாக்டர் பரிசோதித்து, இவள் கெடுக்கப்படவில்லை என்றார்' என்று இன்னும் எழுதுகிறார்கள். வன்புணர்வு நடந்ததா என்பது நீதிமன்றம் முடிவு செய்ய வேண்டியது. மருத்துவர் காயத்தையும் மாதிரியையும் பதிவு செய்வார். காயம் இல்லாததால் சம்மதம் என்று ஆகிவிடாது. பெண் உடலுறவுக்குப் பழகியவளா என்று பார்ப்பதாகச் சொல்லும் இரு விரல் சோதனையை உச்ச நீதிமன்றம் 2013-இலேயே கண்டித்தது, 2022-இல் அதைச் செய்வோர் மீது நடவடிக்கை வரும் என்றும் சொல்லிவிட்டது. இன்றைய கதையில் ஒரு மருத்துவர் அதைச் செய்தால், அதுவே அந்தக் கதையில் ஒரு குற்றம்.

ஸ்வீடிஷ் நாவல்களின் ரசிகர்

தடயவியல் நண்பர் சொன்னதோடு சேர்த்து ஷோவால்–வாலூ இணையரின் 'ரோசன்னா' (1965). ஸ்வீடனில் மோட்டாலா அருகே கால்வாயில் தூர்வாரும்போது ஒரு பெண்ணின் உடல் கிடைக்கிறது. அவள் அமெரிக்காவின் லிங்கன் நகர நூலகர் என்று தெரிந்தபின், அங்குள்ள போலீஸ் அதிகாரி அவளுடைய தோழியையும் பழைய காதலனையும் விசாரித்த எழுத்துப்பதிவு வருகிறது. கேள்வி, பதில், கேள்வி, பதில். அவளுடைய பாலுறவு வாழ்க்கை முழுதும் அங்கே வெளிப்படையாகப் பேசப்படுகிறது. ஆனால் ஒரு வரிகூடக் கிளர்ச்சியூட்டுவதற்காக இல்லை. தனக்கான ஆணைத் தானே தேர்ந்தெடுத்த, அதில் கூச்சமில்லாத பெண் என்று தெரிகிறது. அப்படிப்பட்டவளைப் பார்த்து ஆத்திரப்படும் ஆள் எப்படிப்பட்டவன் என்று துப்பறியும் அதிகாரி மார்ட்டின் பெக் யோசிக்க அடிப்படை அதுதான்.

ஸ்டீக் லார்சனின் 2005 நாவலில் (ஆங்கிலத்தில் 'தி கேர்ள் வித் தி டிராகன் டாட்டூ') நாயகி சலாண்டர் மீது அவளுடைய சட்டக் காப்பாளர் நடத்தும் பாலியல் வன்முறை பற்றிக் கேட்பீர்கள். அவள் ரகசியமாகப் பதிவு செய்யும் காணொளி அந்த வரிசையின் மூன்று நாவல்களையும் இழுத்துச் செல்கிறது, மூன்றாவதில் நீதிமன்றத்தில் ஓடுகிறது. எனவே அந்த நிகழ்வு தேவை. அது எத்தனை நீளம் என்பதில் எனக்கு மாறுபாடு உண்டு. அவள் வங்கிக்கணக்கு அவன் கையில் இருக்கிறது, தன் பணத்துக்கே அவனிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அந்த ஏற்பாட்டை விவரிக்கும் பக்கங்களே போதிய அளவு நடுங்கவைக்கின்றன.

பதிப்பாசிரியர்

கைப்பிரதியில் இப்படிக் காட்சி வந்தால் ஒரு தாளை இரண்டாக மடிக்கவும். இடப்பக்கம், காட்சிக்கு முன் வாசகருக்கும் விசாரிப்பவருக்கும் தெரிந்தவை. வலப்பக்கம், பின் தெரிந்தவை. வலப்பக்கத்தில் சாவி, பச்சை, தழும்பு, பொய், ஒரு பயம் என்று ஏதாவது புதிதாக வர வேண்டும். வந்தால், அந்தப் புதிய விஷயம் காட்சியின் எந்த வரியில் வெளிப்படுகிறதோ அதற்கடுத்த வரியில் வெட்டலாம். மீதி பெரும்பாலும் எழுத்தாளருக்கே அலுப்பானது, படித்தால் தெரிந்துவிடும். வாராந்திரத் தொடரில் 'தொடரும்' என்ற சொல்லே இந்த வெட்டைச் செய்துகொடுத்தது. நேரடி நாவலில் அந்த உதவி இல்லை.

அதிகம் திருத்த வேண்டிவருவது பிணத்தின் வர்ணனை. இன்ஸ்பெக்டரின் பார்வையில் போய்க்கொண்டிருக்கும் கதை, கொலையான பெண்ணின் இடுப்பையும் மாரையும் காதலன் கண்ணால் பார்க்கத் தொடங்கும். அந்த இன்ஸ்பெக்டர் மீது அப்படி ஒரு சந்தேகம் எழ வேண்டும் என்பது திட்டமானால் இருக்கட்டும், இல்லையென்றால் நீக்குங்கள். உடல் கிடக்கும் நிலை, ஆடையின் மடிப்பு, செருப்பு எந்தப் பக்கம் என்பதையே அவர் பார்ப்பார்.

பாதிக்கப்பட்ட பாத்திரம் 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் காட்சியே வேண்டாம். தெரிந்தவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில், பள்ளி வருகைப் பதிவேட்டில், மருத்துவமனைச் சீட்டில் கதையைக் கொண்டுபோகலாம். இதில் விதிவிலக்கு கிடையாது.

'ரோசன்னா' போன்ற விசாரணைப் பதிவு தமிழில் எடுபடுமா என்று ஒருவர் தனியே கேட்டிருந்தார். நன்றாகவே எடுபடும். இரண்டு மூன்று பக்கத்துக்கு மேல் போகாமல், கேட்பவரின் கேள்விகள் பதில்களைவிடக் கூச்சப்படுவதாக எழுதுங்கள். சாட்சி எந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல் தண்ணீர் கேட்டார் என்பதை அடைப்புக்குறிக்குள் குறித்துவிடுங்கள். துப்பறிபவர் அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவார்.