புதுப்பிப்பு: மகன் குதிகால் மரு போயிட்டு

குதிகால்ல ஆணி மாதிரி இருக்கு, மிதிச்சா வலிக்குங்கான், என்ன செய்யன்னு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பக்கவாட்டில கிள்ளிப் பாருங்கன்னு அம்பாசமுத்திரம் அண்ணாச்சி சொன்னதுதான் வழி காட்டுச்சு. ஆணின்னா நேரா அழுத்தினாத்தான் பெரும்பாலும் வலிக்கும். இவன் கிள்ளினதும் துள்ளிட்டான். பாளையங்கோட்டை தோல் டாக்டர் மேல்தோலைச் சீவினதும் கறுப்புப் புள்ளிகள் தெரிஞ்சுது, உறைஞ்ச ரத்தக்குழாய்களாம். ஹெச்.பி.வி. வைரஸால வாற மருதான்.

மருவைப் போக்கினது சாலிசிலிக் அமிலம், தடிச்ச தோலை உரிக்கிற மருந்து. ராத்திரி வெந்நீர்ல ஊறவச்சு, வெளுத்த தோலைத் தேய்ச்செடுத்து, சுத்தி வாசலின் தடவி, மரு மேல மட்டும் மருந்து. வாரக்கணக்கில விடாம போடணும், பொறுமை வேணும். மரு இருந்த இடத்தில தோல் ரேகை பழையபடி ஓடினாத்தான் முழுசாப் போச்சுன்னு அர்த்தம்.

எதிர்பாராதது: இவன் செருப்பைப் போட்டு நடந்த தங்கச்சிக்கும் ஒண்ணு கிளம்பிட்டு. இப்ப தேய்க்கிற கல்லும் துண்டும் ஆளுக்கொண்ணு.

சர்க்கரை உள்ளவங்க டாக்டரைக் கேக்காம இந்த அமிலத்தைத் தொடாதீங்க.