மண் உதிர்ந்து வந்த ஆலும் அரசும்: நட்டு 24 நாள், துளிர் காணோம்

சிறுதொட்டி (சென்னை):
பழைய சுவரிலிருந்து பெயர்த்த அரசு ஒன்று, ஆல் ஒன்று. போன்சாய்க்காக (தொட்டியில் குட்டையாக வளர்க்கும் மரம்) எடுத்தது. கட்டைவிரல் பருமன், வேரில் மண்ணே ஒட்டவில்லை. இலைகளைக் கிள்ளிவிட்டு, பொடித்த செங்கல் 2 பங்கு, ஆற்றுமணல் 1, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 கலந்து 8 அங்குலத் தொட்டியில் நட்டேன். அரசு அப்படியே கட்டையாக நிற்கிறது. ஆலில் 9ஆம் நாள் இரண்டு குருத்து வந்து கருகிவிட்டது. மொட்டை மாடி, பச்சை வலை நிழல், காலை மாலை தண்ணீர். பிழைக்குமா?

வேர்க்கால்:
24 நாளில் கைவிடாதீர்கள். சுவரில் வளர்ந்த அரசு 6, 8 வாரம்கூட எடுக்கும். நகத்தால் பட்டையை ஒரு நெல்மணி அளவு சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பால் கசியாவிட்டாலும் பரவாயில்லை. பழுப்பாகக் காய்ந்திருந்தால் கொஞ்சம் கீழே இறங்கிச் சுரண்டுங்கள்.

ஆலில் வந்த குருத்து, தண்டில் சேர்ந்திருந்த சத்தில் வந்தது. கீழே வேர் இன்னும் விடவில்லை, அதனால் இலை விரிந்ததும் ஈரம் போதாமல் கருகியது. மறுபடி துளிர்க்கும். நான்கு குச்சி நட்டு, தண்டில் படாமல் தெளிவான பாலித்தீன் பையால் மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் கூடாது. பட்டால் உள்ளே வெந்துவிடும். சாயங்காலம் 10 நிமிடம் திறந்துவிட்டால் பூஞ்சை வராது.

கல்தொட்டி:
எனக்கு உறுத்துவது அந்த இருவேளைத் தண்ணீர்தான். அறுபட்ட வேர் ஈரத்திலேயே கிடந்தால் அழுகும், அதிலும் கால் பங்கு கோகோபீட் இருக்கிறது. எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சியை 2 அங்குலம் செருகி, 10 நிமிடம் கழித்து உருவுங்கள். குச்சி நனைந்து கறுத்திருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம்.

மாடிக் காற்றில் மரம் ஆடுகிறதா? புதுவேர் நூல் மாதிரி வெள்ளையாக வரும், ஒரு ஆட்டத்தில் அறுந்துவிடும். அடித்துளை வழியாகக் கம்பி விட்டு மரத்தைத் தொட்டியோடு கட்டுங்கள். வேர் விட்டதா என்று பிடுங்கிப் பார்க்கவே கூடாது. அடித்துளையில் அழுகல் வாடை அடித்தால் மட்டும் எடுத்து, கறுத்துக் கொழகொழத்த வேரைக் கெட்டியான இடம் வரை வெட்டி, வெறும் ஆற்றுமணலில் நடுங்கள்.

சிறுதொட்டி:
சுரண்டினேன். ஆல் முழுக்கப் பச்சை, பாலும் வந்தது. அரசு மேலே நான்கு விரல் பழுப்பு, கீழே பச்சை. குச்சி நன்றாக நனைந்திருந்தது, வாடை இல்லை. காய்ந்ததை இப்போதே வெட்டவா? டிஏபி உரம் கொஞ்சம் போடலாமா?

வேர்க்கால்:
இரண்டும் இப்போது வேண்டாம். துளிர் எந்தக் கணுவில் வருகிறது என்று தெரிந்தபின் அதற்கு மேலே வெட்டி, வெட்டுவாயில் மெழுகு பூசுங்கள். உரம் போட்டால் புதுவேர் நுனி கருகும். முதல் நான்கைந்து இலை விரிந்து, இளஞ்சிவப்பு மாறிப் பச்சையாகத் தடிக்கட்டும். அப்போது பையில் துளை போட ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் முழுசாக எடுங்கள். அதன்பிறகு மண்புழு உரம் ஒரு கைப்பிடி போதும்.